கையெழுத்திடாதவர்களுக்கான பொறுப்பு

2021 ஆம் ஆண்டு நவம்பர் 23 ஆம் திகதி காலை, திருகோணமலை மாவட்டத்தின் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாடசாலைக்குப் புறப்பட்ட பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஏற்றிச் சென்ற படகுப் பாதை (ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை) நீரில் கவிழ்ந்தது. பிள்ளைகள் உட்பட ஆறு பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். அந்த இடத்தில் அப்போது பாலம் ஒன்று கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. அது முடியும்வரை மக்கள் அக்கரை செல்வதற்கான தற்காலிக வழியாகவே அந்தப் பாதை ஓடியது. கிண்ணியா மக்களுக்குப் பாலத்தின் அருமையை எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்படும்வரை துறையடியில் பாதைக்காகக் காத்து நின்ற தலைமுறைகள் அவர்களுடையவை. பாலம் வருகின்றது என்ற மகிழ்ச்சிக்கும் பாலம் வந்துவிட்டது என்ற நிலைக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அந்தப் பிள்ளைகள் இறந்தார்கள்.

அந்த விபத்தின் சட்டப் பொறுப்பைத் தீர்மானிப்பது நீதிமன்றத்தின் வேலை. இக்கட்டுரை எடுத்துக்கொள்வது, அந்த விபத்து திட்ட முகாமைத்துவம் என்ற தொழில் முழுவதையும் நோக்கி எழுப்பும் கேள்வியை. ஒரு பாலம் கட்டும் திட்டத்தின் எல்லை எங்கே முடிகின்றது? தூண்களும் தளமும் அணுகு வீதியும் மட்டுமா திட்டம், அல்லது அவை எழும்பும் வரை மக்கள் எப்படி அக்கரை போவார்கள் என்பதும் திட்டமா? நமது கட்டுமான ஒப்பந்தங்களில் ஒவ்வொரு வேலையின் அளவையும் விலையையும் வரி வரியாகக் குறிக்கும் அளவுப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கம்பியின் விட்டமும் கொங்கிறீட்டின் தரமும் பக்கம் பக்கமாக எழுதப்பட்டிருக்கும். பொதுமக்களின் மாற்றுவழி பற்றி ஆயத்தப் பணிகளின் கீழ் ஒரு வரி இருக்கும், சிலவேளை அதுவும் இராது. ஏன் இப்படி என்று கேட்டால் விடை எளியது. ஒப்பந்தம் என்பது கையெழுத்திட்டவர்களுக்கு இடையிலான ஏற்பாடு. பணம் கொடுப்பவர், வேலை கொடுப்பவர், ஆலோசகர், ஒப்பந்தகாரர் ஆகிய எல்லோருக்கும் அதில் கையெழுத்து உண்டு. பாதையில் ஏறிப் பாடசாலை போகும் பிள்ளைக்கு அதில் கையெழுத்து இல்லை. திட்ட முகாமையாளரின் தொழில்சார் ஒழுக்கம் பற்றிய பேச்சு அந்தப் பிள்ளையிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இத்தொழிலுக்கென உலகளவில் அதிகம் எடுத்துக்காட்டப்படும் ஒழுக்கக் கோவை, அமெரிக்காவில் 1969 இல் தொடங்கப்பட்ட திட்ட முகாமைத்துவ நிறுவகத்தினுடையது. இங்கே நான் பேசும் வடிவம் 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. பொறுப்பு, மதிப்பளித்தல், நியாயம், நேர்மை என்ற நான்கு விழுமியங்களின் மேல் அது கட்டப்பட்டிருக்கின்றது. ஒவ்வொரு விழுமியத்தின் கீழும் இரண்டு வகையான நியமங்கள் உள்ளன. ஒன்று, எட்ட முயல வேண்டியவை. மற்றையது, மீறினால் நிறுவகம் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக்கூடிய கட்டாய நியமங்கள். பொறுப்பு என்பதற்கு அக்கோவை தரும் விளக்கம் கவனிக்கத்தக்கது. எடுத்த முடிவுகளுக்கு மட்டுமன்றி எடுக்கத் தவறிய முடிவுகளுக்கும், செய்தவற்றுக்கு மட்டுமன்றிச் செய்யாமல் விட்டவற்றுக்கும், அவற்றின் விளைவுகளுக்கும் உரிமை ஏற்பது என்று அது சொல்கின்றது. நமது அலுவலகங்களில் தவறு என்றால் செய்த தவறையே கருதுகின்றோம். கடிதம் அனுப்பாமல் விட்டதும், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டதும் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. ஆனால் களத்தில் நிகழும் பெரும் கேடுகள் பல அந்த வெற்றிடத்தில்தான் விளைகின்றன.

அதே கோவையில் எனக்கு ஒரு குறை உண்டு. சமூகத்தின் நலன், பொதுமக்களின் பாதுகாப்பு, சுற்றாடல் ஆகியவற்றை முன்வைத்து முடிவெடுக்க வேண்டும் என்ற நியமம் அதில் கட்டாய வரிசையில் இல்லை. எட்ட முயல வேண்டியவற்றின் வரிசையிலேயே இருக்கின்றது. சொந்த நலன் குறுக்கிடுவதை வெளிப்படுத்துவது கட்டாயம், இலஞ்சம் கூடாது என்பது கட்டாயம், பிறரின் அறிவுசார் சொத்தை மதிப்பது கட்டாயம். பொதுமக்களின் உயிர்ப் பாதுகாப்பு மட்டும் ஓர் இலட்சியமாக நிற்கின்றது. அமெரிக்கக் குடிசார் பொறியியலாளர் சங்கம் போன்ற அமைப்புகளின் கோவைகள் பொதுமக்களின் பாதுகாப்பையே முதற் கடமையாக நெடுங்காலமாக வலியுறுத்தி வந்துள்ளன. பொறியியலாளர் ஒருவர் முகாமையாளராகப் பதவி உயரும்போது இந்த முதன்மை அவருடைய மேசையிலிருந்து நழுவிவிடும் ஆபத்து உண்மையானது. எனினும் கோவையை முழுதாகப் படித்தால் கட்டாய நியமங்களுக்குள் பலரும் கவனிக்காத ஒரு வாசகம் கிடைக்கின்றது. ஒழுக்கக்கேடான அல்லது சட்டவிரோதமான நடத்தையைப் பொருத்தமான மேலிடத்துக்கு அறிவிக்க வேண்டும். தேவைப்பட்டால் அதனால் பாதிக்கப்படுபவர்களுக்கும் அறிவிக்க வேண்டும். அதாவது, கையெழுத்திடாதவர்களுக்கும் அறியும் உரிமை உண்டு என்பதைக் கோவை கட்டாயமாகவே ஏற்றுக்கொள்கின்றது.

இதைத் திருகோணமலையின் காலநிலைக்குள் வைத்துப் பார்ப்போம். நாட்டின் நிதியாண்டு டிசம்பர் 31 ஆம் திகதி முடிகின்றது. கிழக்கின் மழைக்காலமோ ஒக்டோபர் நடுவில் தொடங்கி, நவம்பரிலும் டிசம்பரிலும் உச்சம் பெறுகின்றது. அந்த ஆண்டுக்கு ஒதுக்கிய பணம் செலவாகாவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும், அடுத்த ஆண்டு கிடைக்கும் என்பதற்கு உறுதி இல்லை. ஆகவே மழை மிகவும் கடுமையாகப் பெய்யும் வாரங்களும், வேலையை எப்படியாவது முடித்துக் காட்ட வேண்டிய வாரங்களும் நமது மாவட்டத்தில் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. மேற்கிலோ மலைநாட்டிலோ இந்த நெருக்கடி இதே வடிவில் இல்லை. ஆண்டு முடிவு எங்கும் ஒரே நாளில் வந்தாலும், ஆண்டு முடிவில் வானம் எங்கும் ஒரேபோல் இருப்பதில்லை.

கொங்கிறீட்டுக்கு நிதியாண்டு தெரியாது. வார்த்த நாளில் எடுத்த கனசதுர மாதிரிகளை 7 ஆம் நாளிலும் 28 ஆம் நாளிலும் நசுக்கிப் பார்த்தே அதன் வலிமை உறுதி செய்யப்படுகின்றது. டிசம்பர் 10 இல் வார்த்த தளத்தின் 28 நாள் முடிவு ஜனவரி 7 ஆம் திகதிதான் வரும். பில்லோ டிசம்பர் 31 க்குள் கையெழுத்தாக வேண்டும். கொட்டும் மழையில் வார்த்தால் கலவையில் நீர் கூடி வலிமை குறையும். ஈரமண்ணை எவ்வளவு இறுக்கினாலும் வீதியின் அடித்தளம் உரிய அடர்த்திக்கு வராது. இவை களத்தில் நிற்கும் மேற்பார்வையாளருக்கும் மேசனுக்கும் நன்றாகவே தெரியும். ஆனாலும் “வேலை பூர்த்தியாகிவிட்டது” என்ற அத்தாட்சியில் கையெழுத்துக் கேட்டு ஒரு கோப்பு வரும். கேட்பவர் பெரும்பாலும் கெட்ட மனிதராக இருக்க மாட்டார். பணம் திரும்பிப் போனால் ஊருக்குத்தானே இழப்பு, மிச்ச வேலையை ஜனவரியில் முடித்துவிடலாம், ஒப்பந்தகாரர் நம்பிக்கையானவர், பில்லில் பிடித்துவைத்த தடுத்துவைப்புப் பணம் நம் கையில்தானே இருக்கின்றது என்று அவர் சொல்லும் காரணங்களில் பொய்யும் இராது. இந்த வாதத்தின் வலிமையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஊரின் நன்மைக்காகப் பொய்யான அத்தாட்சியில் கையெழுத்திட்டவர்களில் நல்லவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

இருப்பினும் அந்தக் கையெழுத்து ஒரு முழுப் பொய். பின்னால் வருபவர்கள் அதன் மேல்தான் நடப்பார்கள். அத்தாட்சி கிடைத்த பின் ஒப்பந்தகாரரின் ஆட்கள் வேறு தளத்துக்குப் போய்விடுகின்றார்கள். ஜனவரியில் முடிக்க வேண்டிய மிச்ச வேலையைக் கேட்கும் பிடி முகாமையாளரின் கையில் தளர்ந்துவிடுகின்றது, ஏனெனில் முடிந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தவர் அவரே. மாதிரி தோற்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கும் அப்போது இடமில்லை. நேர்மையான வழிகள் இல்லாமலும் இல்லை. அளந்து பார்த்த வேலைக்கு மட்டும் இடைக்காலப் பில் கொடுக்கலாம். மழைநாட்களைத் தளப் பதிவேட்டில் நாள்தோறும் குறித்து அந்த ஆதாரத்துடன் காலநீடிப்புக் கோரலாம். மிச்சத்தை அடுத்த ஆண்டின் பொறுப்பாகக் காட்டி முன்கூட்டியே ஒதுக்கீடு கேட்கலாம். ஆனால் இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது நாட்காட்டியின் மறுமுனையில் இருக்கின்றது. பெப்ரவரி முதல் செப்டெம்பர் வரை நமக்குக் காய்ந்த மாதங்கள் கிடைக்கின்றன. விலைமனு கோரலும் மதிப்பீடும் மே, ஜூன் என்று இழுபட்டு, ஓகஸ்ட்டில் ஒப்பந்தம் கையெழுத்தானால், டிசம்பரின் பொய் அன்றைக்கே எழுதப்பட்டுவிட்டது. மார்ச் மாதத்தில் ஒரு கோப்பை விரைவாக நகர்த்துவதை எவரும் ஒழுக்கம் என்று அழைப்பதில்லை. என்னைக் கேட்டால், இம்மாவட்டத்தில் பணிபுரியும் ஒரு திட்ட முகாமையாளரின் நேர்மைக்கு அதைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

முழுப்பொய்யைவிடப் பரவலானது அரை உண்மை. பிறரை ஏமாற்றும் நோக்கிலான அரை உண்மைகளையும், சூழலிலிருந்து பிரித்தெடுத்துத் தரும் தகவலையும், சொன்னால் அறிக்கையின் பொருளே மாறிவிடும் என்பதற்காக மறைக்கும் செய்தியையும் மேற்சொன்ன கோவை கட்டாய நியமத்திலேயே தடுக்கின்றது. இதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்னரே ஒரு கிணற்றடியில் கற்றேன். சுனாமிக்குப் பிந்திய ஆண்டுகளில் மூதூர்ப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றில் பொதுக் கிணறுகள் அமைக்கும் திட்டத்தில் வேலை செய்தேன். கரையோர மணலில் நன்னீர் ஒரு மெல்லிய படையாக உவர்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். காய்ந்த காலத்தில் அதிகமாக இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே ஏறிவிடும். நாங்கள் தெரிந்தெடுத்த இடத்தைப் பார்த்த ஓர் ஆச்சி, “தம்பி, இந்தப் பள்ளத்தில ஆடி மாசம் தண்ணி உவர்க்கும், அங்கால புளியமரத்தடியில தோண்டுங்கோ” என்றார். புளியமரத்தடிக்கு லொறி போகாது. காலக்கெடுவும் நெருங்கியிருந்தது. ஆச்சி சொன்னதை என் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன், அறிக்கையில் எழுதவில்லை. கிணறு நன்றாகவே கட்டப்பட்டது. “பூர்த்தியான கிணறுகள்” என்ற நிரலில் ஓர் எண்ணாகவும் சேர்ந்தது. ஓகஸ்ட்டில் போனபோது ஆச்சி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “கிணறு வடிவாக் கட்டியிருக்கு தம்பி. தண்ணிதான் வாயில வைக்கேலாது” என்று மட்டும் சொன்னார். அந்த அறிக்கையில் பொய்யான எண் ஒன்றுகூட இல்லை. அதில் என் கையெழுத்து இருந்தது; ஆச்சியின் சொல் இருக்கவில்லை.

ஆட்கள் கண்ணெதிரே நிற்கும் இடத்திலேயே இப்படியென்றால், அவர்களே இல்லாத இடத்தில் நிலை இன்னும் கடினம். 2006 இல் சம்பூர் மக்கள் போரினால் இடம்பெயர்ந்து, கிளிவெட்டி, பட்டித்திடல் போன்ற இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தனர். அவர்கள் முகாமில் இருந்த காலத்திலேயே, 2011 இல், இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் இலங்கை மின்சார சபையும் சம்பூரில் 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் அமைப்பதற்குக் கூட்டு நிறுவனம் ஒன்றை உருவாக்கின. காணி விடுவிப்பும் மீள்குடியேற்றமும் 2015 இலிருந்தே வேகம் பெற்றன. உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்துகொண்டிருந்த நிலையில், 2016 இல் அந்த நிலக்கரித் திட்டத்தை அரசாங்கம் கைவிட்டது. இன்று அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரிய மின்திட்டத்துக்கு 2025 ஏப்ரலில் அடிக்கல் நாட்டப்பட்டிருக்கின்றது. நிலக்கரி நல்லதா சூரியசக்தி நல்லதா என்ற விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. திட்டத் தொழிலில் “பங்குதாரர் பட்டியல்” என்று ஒன்று தயாரிப்பது வழக்கம். திட்டம் எவரைத் தொடும், எவருக்கு என்ன கவலை, எவரிடம் எப்போது பேச வேண்டும் என்று அதில் எழுதப்படும். ஆட்களற்ற காணியின் வரைபடம் ஒன்று கையில் தரப்பட்டால் அந்தப் பட்டியல் மிகச் சிறியதாகவே வரும். வெறுமையாகக் கிடக்கும் வளவு ஏன் வெறுமையாகக் கிடக்கின்றது, அங்கிருந்த தென்னைகளை நட்டவர்கள் இப்போது எந்த முகாமில் இருக்கின்றார்கள் என்று கேட்கும் கடமையை எந்த ஒப்பந்தமும் முகாமையாளருக்கு எழுதித் தருவதில்லை. ஆனால் அதைக் கேட்காத பட்டியல் பூர்த்தியான பட்டியல் அல்ல.

தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பெருந்திட்டங்களின் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டுக் கருத்துகள் பெறப்பட வேண்டும். இந்த நடைமுறை உள்ளதே கையெழுத்திடாதவர்களுக்காகத்தான். அறிக்கையைப் பிரதேச செயலகத்தின் மேசையில் வைத்துவிட்டால் சட்டத்தின் சொல் நிறைவேறிவிடலாம். பிள்ளையின் பாடசாலை விண்ணப்பத்துக்கே மற்றவரின் உதவியை நாடும் மீனவர், தடித்த தொழில்நுட்ப அறிக்கை ஒன்றைத் தேடிச் சென்று வாசித்துக் கருத்து எழுதுவார் என்று எதிர்பார்ப்பது மட்டும் மதிப்பளித்தல் ஆகாது. மீனவர் தங்கும் வாடியடிக்குப் போய், வரைபடத்தை மணலில் விரித்து, எங்கே வலை இழுக்க முடியாமல் போகும் என்று அவருடைய பேச்சுமொழியில் சொல்வதே அது.

நியாயம் என்ற விழுமியம் திருகோணமலையில் தனிப் பாரத்தைச் சுமக்கின்றது. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகங்களும் ஒவ்வொன்றும் பெருந்தொகையாக வாழும் மாவட்டம் இது. 11 பிரதேச செயலாளர் பிரிவுகளில் எந்தப் பிரிவுக்கு எத்தனை வீடு, எந்த ஊருக்கு எந்த வீதி என்ற கணக்கைத் தேநீர்க் கடைகளில் மக்கள் மனப்பாடமாகச் சொல்வார்கள். பயனாளிகளின் பட்டியல் நியாயமாக இருப்பது மட்டும் இங்கே போதாது. எந்த அளவுகோலின்படி புள்ளி வழங்கப்பட்டது என்பது தமிழிலும் சிங்களத்திலும் கிராம உத்தியோகத்தரின் அறிவித்தல் பலகையில் தொங்க வேண்டும். பட்டியலில் விடுபட்டவர் கேட்பதற்கு ஒரு வழியும், விடை வருவதற்கு ஒரு திகதியும் இருக்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போட்ட பிறகு தருவதை, மனு வரும் முன்னரே பலகையில் ஒட்டுவதில் எந்த இழப்பும் இல்லை.

தாமதமும் நியாயத்துக்குள் அடங்கும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு, கிழக்கில் ஒரு குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. உரிமையாளரே தம் வீட்டைக் கட்டுவார். ஒரு கட்டம் முடிந்ததை உத்தியோகத்தர் பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே அடுத்த தவணை வரும். இத்தகைய ஏற்பாட்டில் உத்தியோகத்தர் இரண்டு வாரம் பிந்தி வந்தால், மேசனை நிறுத்திவைக்க முடியாத குடும்பம் நகையை அடகு வைக்கின்றது. இலஞ்சம் வாங்காத ஒருவர்கூடத் தம் சோம்பலால் ஒரு குடும்பத்தை வட்டிக்காரரிடம் அனுப்ப முடியும்.

சொந்த நலன் குறுக்கிடும் விடயத்தில் சுருக்கமாகவே சொல்கின்றேன், ஏனெனில் இதில் குழப்பம் குறைவு. சிறிய நகரத்தில் விலைமனுப் போட்டவர் மச்சானாகவோ, கூடப் படித்தவராகவோ, மகளின் கல்யாணத்துக்கு மொய் எழுதியவராகவோ இருப்பது இயல்பு. உறவு குற்றமல்ல. அதை மதிப்பீட்டுக் குழு கூடும் முன் எழுத்தில் சொல்லி விலகி நிற்பதே கடமை. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழலுக்கு எதிரான சட்டம் தனியார் துறையில் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருப்பதால், “நாங்கள் அரச உத்தியோகத்தர் அல்லர்” என்று ஒப்பந்த நிறுவன முகாமையாளர்கள் சொல்லிக்கொண்டிருந்த விடையும் இனிச் செல்லாது. முறைப்பாடு செய்பவர்களுக்கும் அச்சட்டம் பாதுகாப்பு வழங்குகின்றது.

மிகக் கடினமானது, வேலையை நிறுத்துமாறு சொல்லும் துணிவு. 2013 ஏப்ரல் 23 ஆம் திகதி வங்காளதேசத்தின் சாவாரில் ரானா பிளாசா கட்டடத்தில் வெடிப்புகள் (விரிசல்கள்) தெரிந்தன. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலிருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மறுநாள் வேலைக்கு அழைக்கப்பட்டனர். அன்று காலை கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டனர். வெடிப்பு எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எனவே அங்கே இல்லாமற்போனது தகவல் அல்ல. ஒரு நாள் உற்பத்தியை இழப்பதற்குப் பொறுப்பேற்று ஒருவர் இடும் கையெழுத்தே இல்லாமற்போனது. நமது தளங்களிலும் தாமதக் கட்டணம், மேலதிகாரியின் சினம், அடுத்த ஒப்பந்தம் கிடைக்காமற்போகும் அச்சம் என்று நிறுத்தாமல் இருப்பதற்கான காரணங்கள் எப்போதும் எண்ணிக்கையில் கூடவே இருக்கும். தனி மனிதரின் துணிவை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. எந்த நிலையில் எவர் வேலையை நிறுத்தலாம், நிறுத்தியவரின் வேலைக்கு எந்த இடரும் வராது என்பது ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருந்தால், இளம் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவரும் அதைச் செய்யக்கூடும். எழுதப்படாவிட்டால், அனுபவம் மிக்கவர்களும் மறுபக்கம் பார்ப்பார்கள்.

ஆகவே, மீண்டும் நீர்க்கரைக்கு வருவோம். இனி இம்மாவட்டத்தில் ஒரு பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டும் திட்டத்தின் ஆவணத்தைத் தயாரிக்கும் முகாமையாளர், பழைய பாலத்தின் முதற் பலகையைக் கழற்றுவதற்கான திகதியை எழுதும் முன், அன்று காலை 7 மணிக்குப் பிள்ளைகள் எதில் அக்கரை போவார்கள் என்பதை எழுத வேண்டும். படகுப் பாதையின் தாங்குதிறனைச் சோதிக்கும் தகுதியுள்ளவர் யார், ஒரு தடவையில் எத்தனை பேர், ஏறுபவர்களை எண்ணுபவர் யார், அவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு, உயிர்காப்பு அங்கிகள் பெரியவர்களின் அளவில் எத்தனை, பிள்ளைகளின் அளவில் எத்தனை, காற்றும் நீரோட்டமும் எந்த அளவைக் கடந்தால் பாதை ஓடக்கூடாது, ஓடாத நாளில் பாடசாலைக்குச் சுற்றுவழியில் செல்ல பஸ்ஸுக்கு யார் பணம் கொடுப்பது என்பவை அளவுப் பட்டியலில் தனித்தனி வரிகளாக, ஒவ்வொன்றும் விலையுடன், கம்பிக்கும் கொங்கிறீட்டுக்கும் முன்னால் வர வேண்டும். விலை கூடுகின்றது என்று எவரேனும் அந்த வரிகளை நீக்கச் சொன்னால், நீக்கச் சொன்னவரின் பெயரும் திகதியும் அதே கோப்பில் இருக்க வேண்டும்.